பக்கத்து வீட்டுக்காரி

வாங்க சார், வாங்க. அந்த வாசல் வேண்டாம், இந்த வாசல்ல வாங்க. அது ஜெசிந்தா வீடு, இது என் வீடு. உள்ள வந்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். கவர்மெண்டுக்குத்தான் ரெண்டு. அதப் பத்திப் பேசணும்னு மூணு நாளா ஒங்க ஆபீசுக்கு நடந்தேன். கூட்டத்துல மேச வரைக்கும் போவ முடியல, திரும்பி வந்துட்டேன். இன்னைக்கி நீங்களே வந்துட்டீங்க. உக்காருங்க. அந்தச் சேருக்குக் காலு ஆடும், கட்டில்ல உக்காருங்க.

பைய இப்பத் தொறக்காதீங்க. மூணாம் பட்டியல் சீட்டுதான கொண்டாந்திருக்கீங்க, தெரியும். அது கெடக்கட்டும். ஜெசிந்தா தண்ணி லாரிக்குப் போயிருக்கா. ரெண்டு ரேஷன் கார்டுக்கு ரெண்டு குடம். தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டு வர முக்கா மணி நேரமாவது ஆவும். அதுக்குள்ள நான் சொல்ல வேண்டியதச் சொல்லிரணும். நீங்க குறுக்க பேசுனா நான் விட்ட எடத்த மறந்துருவேன், அதனால சொல்லி முடிக்குத வரைக்கும் கேட்டுக்கிடுங்க.

ஒங்ககிட்ட கேக்கப் போறது ஒரே ஒரு உதவி சார். ஒரு பொய் சொல்லணும். அவ வந்ததும் நீங்க சாதாரணமா, ஆபீசர் சொல்லுத மாதிரி, எம் பேரச் சொல்லிச் சொல்லணும். 'குருவம்மா பேரு மூணாம் பட்டியல்ல இருக்கு, மூணாம் பட்டியலுக்கும் மேல்மலை முகாம்தான், பத்து நாள் பிந்தி பஸ்ஸு வரும்'னு. அம்புட்டுத்தான். அவ மொதப் பட்டியல். நர்ஸம்மால்லா. நாளான்னைக்கி அவளுக்கு பஸ்ஸு. நிம்மதியா ஏறிப் போவட்டும்.

எனக்குத் தெரியும் சார். ரெண்டாம் பட்டியலுக்கே பஸ்ஸு இல்லங்காங்க. மூணாம் பட்டியல்னு ஒண்ணு, எங்கள மாதிரி அறுபது தாண்டுன ஒத்தக்கட்டைங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு போட்டது. நீங்க தலையக் குனியாதீங்க, நான் ஒங்களக் கொற சொல்லல.

மழைன்னு ஒண்ணப் பாத்து நாலு வருசம் ஆச்சு. காலையில மணி எட்டு கூட ஆவல, அதுக்குள்ள சுவரு எப்படிக் காந்துது பாருங்க. காக்கா இல்ல, நாயி இல்ல. போன மாசம் வரைக்கும் ரேடியோவுல அங்க எரியுது இங்க எரியுதுன்னு ஒவ்வொரு நாட்டுப் பேரா வாசிச்சாங்க. ஒரு நாள் வாசிக்கறவங்களும் வரல. கீழ இருக்கவங்களுக்கு இந்தக் கோடையோட சரியாம். மேல்மலைக்குப் போனா இன்னும் ரெண்டு கோடை ஓடுமாம். அதுக்குப் பொறவு மேல என்ன, கீழ என்ன. எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காங்க. அந்த ரெண்டு கோடைக்கு இம்புட்டு வரிசை, இம்புட்டு ரப்பர் ஸ்டாம்பு. உலகம் முடியுததுக்கும் மூணு காப்பி கேக்கது நம்ம ஊருலதான் நடக்கும்.

கார்டுல எத்தன பேரோ அத்தன பேரும் ஒரே பஸ்ஸுல போலாம். அதான சட்டம்? மேலத் தெருவுல ஒரு நர்ஸு, அவ கார்டுல மாமியா, மச்சினன், மச்சினன் பொஞ்சாதின்னு எட்டு உருப்படி. எட்டும் மொதப் பட்டியல். நாங்க ரெண்டு பேரும் ஒரு கார்டுல இருந்திருந்தா நானும் மொதப் பட்டியல்தான். இப்ப ஆளுக்கொரு கார்டு. நர்ஸு ஒரு வீடு, நான் பக்கத்து வீடு. எல்லாம் இந்த ஜெசிந்தா புத்தியால வந்தது சார்.

எப்படின்னு சொல்லுதேன்.

நான் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குனவ. முப்பத்தாறு வருசம். கல்யாணம் ஆச்சு, பதினோரு நாள் இருந்தேன். அவரு நல்ல மனுசந்தான், கொற சொல்லப்படாது. எனக்கு அந்த ஆசை வரல. அவரு மேலன்னு இல்ல, ஆம்பள மேலயும் வரல, பொம்பள மேலயும் வரல, இன்னைக்கி வரைக்கும் கிடையாது. பசிக்காத வயித்துக்குத் தெனமும் இல போட்டு உக்கார வச்சா எப்படி? எந்திரிச்சு வந்துட்டேன். எங்க அண்ணன் வீட்டுல ஒரு மாசம் ஏச்சு வாங்குனேன், பொறவு இந்த வளவுல இந்த ஒத்த ரூம எடுத்துக்கிட்டேன். ஆறு வீட்டு வளவு இது. இப்ப நாங்க மட்டுந்தான் இருக்கோம்.

அஞ்சாறு வருசம் கழிச்சு அவ வந்தா. கடற்கரைப் பக்கத்துக்காரி. இங்க ஆஸ்பத்திரியில வேல கெடச்சு, ஒத்தப் பெட்டியோட பக்கத்து வீட்டுக்கு வந்தா. வந்த ஒரு வாரம் மூஞ்சி வீங்கிக் கெடந்துச்சு. என்னட்டி, யாரும் செத்துட்டாங்களான்னு கேட்டேன். 'இல்லக்கா, கல்யாணம் ஆயிருச்சு'ன்னா. யாருக்குன்னேன். புஷ்பம்னு ஒரு தையல் டீச்சராம். அவளுக்குக் கல்யாணம் ஆவுததுக்கு நீ ஏன் அழுதன்னு கேட்டேன். எனக்கு என்ன தெரியும்? அப்ப சொன்னா. 'அக்கா, எனக்குப் பொம்பளையத்தான் பிடிக்கும். நீங்க பயப்படாதீங்க, ஒங்களச் சொல்லல.'

எனக்குக் கோவம் வந்துட்டு சார். ஏன், எனக்கென்ன கொறச்சல்னேன். அழுதுக்கிட்டு இருந்தவ சிரிச்சா பாத்துக்கிடுங்க. சிரிச்சு, இருமி, தண்ணி குடிச்சு, மறுபடியும் சிரிச்சா. அன்னையில இருந்து அவ அடுப்புலதான் எனக்கும் ஒல.

ஊரு பேசாம இருக்குமா? புருசன் பொஞ்சாதிம்பான் ஒருத்தன். இன்னொருத்தி என் முன்னாலயே, 'ரெண்டு பேர்ல யாரு புருசன்'னு கேட்டா. ஒம் புருசன் எதுலயும் சேத்தி இல்லையே, அவன மொதக் கண்டுபிடின்னேன். ஆனா அவங்களச் சொல்லி என்ன? எங்களுக்கே பேரு தெரியல. அப்படி இல்ல நாங்க. அக்கா தங்கச்சியும் இல்ல, அவ சர்ச்சுக்குப் போற வேதக்காரி, எங்க அம்மா வயித்துல பொறக்கல. சிநேகிதம்னா, சிநேகிதக்காரி சாயங்காலம் அவ வீட்டுக்குப் போயிருவாள்லா? இவ போவல. இருபத்தொம்பது வருசமாப் போவல.

அந்தா தெரியுது பாருங்க, நடுச் சுவத்துல ஒரு வாசல். அது நாங்க ஒடச்சது. ஒரு ஐப்பசி மாசம், அப்ப மழைன்னா அப்படி மழை, அவளுக்கு டைபாய்டு. நான் கஞ்சி காச்சி, சாக்க தலையில போட்டுக்கிட்டு, என் வாசல்ல எறங்கி அவ வாசல்ல ஏறணும். ஒரு நாளைக்கி எட்டுத் தடவ. கஞ்சி அடிப்பிடிச்சுப் போவும், மழத்தண்ணியும் விழுந்துரும், அவ ஒரு வார்த்த சொல்லாமக் குடிப்பா. ஒம்பதாம் நாள் கொத்தனாரக் கூட்டியாந்து ஒடைங்கன்னுட்டேன். வீட்டுக்காரரு வந்து கத்துனாரு. ஜெசிந்தா காச்சலோட எந்திரிச்சு அவரு பிரஷரப் பாத்து மாத்திரை குடுத்தா. அதோட போயிட்டாரு.

கார்டு கத இருக்குல்லா, அதுக்கு வாரேன். கார்டு புதுப்பிக்க வந்தப்ப இவ என்ன சொன்னா தெரியுமா? 'அக்கா, ஒரே கார்டாப் போட்டுருவோம். ஒம் பேரு மேல இருக்கட்டும், எம் பேரக் கீழ எழுதட்டும்'னா. எனக்கு அது சரியாப் படல. உறவு என்னன்னு கேப்பானே, என்னன்னுட்டி சொல்லுவன்னேன். 'ஒண்ணா இருக்கோம்னு சொல்லுவோம்'னா. அதுக்குக் கட்டம் கெடையாது கோட்டிக்காரின்னேன். அது போவ, ஒரு கார்டுன்னா பொங்கலுக்கு ஒரு பை, ஒரு சேல. ரெண்டு கார்டுன்னா ரெண்டு. ஊருல கூட்டுக்குடும்பக்காரன்லாம் பொய்யாப் பிரிஞ்சு கார்டு வாங்குதான், நமக்கு ரெண்டு வாசல் இருக்கு, ரெண்டு கதவு நம்பர் இருக்கு, நம்ம ஏன் ஒண்ணு வாங்கணும்னு சொன்னேன். சரிக்கான்னுட்டா. அவ அழுத்திச் சொல்லியிருக்கணும்லா சார்? ரெண்டாவது தடவ சொல்லியிருக்கணும்லா? சொல்லல. அதான் எல்லாம் அவ புத்தியால வந்ததுங்கேன்.

தனிக் கார்டுன்னா தனி அடுப்பு இருக்கணும்னு தாலுகா ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் பாக்க வந்தாரு. அந்த வாசலுக்கு முன்னால பீரோவ நகட்டி வச்சோம். எம் பக்கம் ஒரு ஸ்டவ்வு வாங்கி வச்சு, நான் ஜென்மத்துல மொதத் தடவையா சாம்பார் வச்சேன். அவரு மூடியத் தொறந்து பாத்துட்டு, 'என்னம்மா இது, ரசமா'ன்னாரு. அடுத்த வீட்டுக்குப் போனாரு. அங்க இவ மீன் கொழம்பு வச்சிருந்தா. அங்க ரொம்ப நேரம் நின்னு சோதன போட்டாரு. ரெண்டு வீட்டுலயும் காப்பி குடுக்கணும்லா, எனக்குக் காப்பியும் போட வராது. அவதான் ரெண்டையும் போட்டு, எம் பங்க பீரோ இடுக்கு வழியா நீட்டுனா. அவரு குடிச்சிட்டு, 'ரெண்டு வீட்டுக் காப்பியும் ஒரே ருசியா இருக்கே'ன்னாரு. ஒரே பால்காரர் சார்ன்னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. அவரு தெருமுக்குத் திரும்புத வரைக்கும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா வாயப் பொத்திக்கிட்டு நின்னோம். பொறவு பீரோவத் தள்ளிட்டு உக்காந்து மீன் கொழம்ப நான் தின்னேன். அந்தச் சாம்பார அவ தின்னா. நல்லாத்தான்க்கா இருக்குன்னா.

என்ன சார்? கையெழுத்தா? போடுதேன், போடுதேன். எங்க ஓடிரப் போறேன். மொத என்னச் சொல்ல விடுங்க.

அவள ஒண்ணும் தெய்வப் பிறவின்னு நெனச்சிராதீங்க. விட்டுட்டுப் போனவதான். பதினாலு வருசம் முன்ன, அந்தப் புஷ்பம் டீச்சரு புருசன் செத்துட்டான். கடுதாசி போட்டா. வந்து என் கூட இருன்னு. இவ கடுதாசிய எங்கிட்டக் குடுத்து வாசின்னா. வாசிச்சேன். போ, போட்டின்னேன். வேற என்ன சொல்ல? அவளுக்கு அந்த ஆசை இருக்கு, எனக்கு அது என்னன்னே தெரியாது, நான் எப்படிக் குறுக்க நிக்க? லீவு போட்டுட்டு ஒத்தப் பெட்டியோட போயிட்டா.

மூணு மாசம். நான் என் பாட்டுக்கு வேலைக்குப் போனேன், வந்தேன். ஓட்டல்ல தின்னேன். சாயங்காலம் அவ பக்கத்தப் பெருக்குவேன், அவ அடுப்ப ஒரு நிமிசம் பத்த வச்சு அணைப்பேன். அவள நெனச்செல்லாம் இல்ல. அடுப்பு சும்மா கெடந்தா எறும்பு ஏறும், அதுக்காக. ஒரு நாள் வேலைக்குப் போவாம அவ பாயில படுத்துக் கெடந்தேன், அதுவும் எம் பாயி கிழிஞ்சு போனதால. ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், பெட்டியோட வந்து நிக்கா. என்னட்டின்னேன். 'அங்க தூக்கம் வரலக்கா'ன்னா. அவ நல்லா வச்சுக்கிடலையான்னேன். 'நல்லாத்தான் வச்சுக்கிட்டா. இப்பவும் அவளப் பிடிக்கும். அப்பப்பப் போய்ப் பாத்துட்டு வாரேன். ஆனா வீடு இங்கல்லா இருக்கு'ன்னா. சொல்லிட்டு நேரா அடுப்படிக்குப் போயி, ஏங்க்கா அடுப்பு சூடா இருக்குன்னு கேட்டா. எறும்புன்னேன்.

அந்தப் புஷ்பமும் போன வருசம் கடல் ஊருக்குள்ள வந்தப்ப போயிட்டா. பத்து நாள் இவ பாய விட்டு எந்திரிக்கல. பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவ சார், நாலாந்தேதி பட்டியல் ஒட்டுன அன்னைக்கி நான் போயிப் பாத்துட்டு ஓடியாந்து சொல்லுதேன். ஏட்டி, ஒம் பேரு மொதப் பட்டியல்ல இருக்கு, எம் பேரு மூணாவதுலன்னு. 'அப்படியா'ன்னா. அம்புட்டுத்தான் சார். முருங்கக்கீர ஆஞ்சுக்கிட்டு இருந்தா, தல நிமிரல. இருபத்தொம்பது வருசம் ஒண்ணா இருந்தவ, 'நீ இல்லாம நான் எப்படிக்கா போவேன்'னு ஒரு வார்த்த சொல்லப்படாதா? சொன்னா நான் என்ன, போவாதன்னா சொல்லப் போறேன்? போ, போட்டின்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்காவது சொல்லலாம்லா. கேக்க ஆசையா இருக்காதா மனுசிக்கு?

சரி, போறவ ஒழுங்காப் போறாளான்னா அதுவும் இல்ல. நாளான்னைக்கி பஸ்ஸு. பதினஞ்சு கிலோ சாமான் கொண்டு போலாம்னு போட்டிருக்கீங்க. ஒரு துணி மடிக்கல. பெட்டியத் தூசி தட்டல. நேத்து மத்தியானம் என்ன செஞ்சா தெரியுமா? எங்கயோ ஒருத்தி குடுத்தான்னு பத்து எலுமிச்சங்கா கொண்டாந்து, வெட்டி, உப்புப் போட்டு ஜாடியில அடச்சு வெயில்ல வச்சிருக்கா. ஊற இருவது நாள் ஆவும் சார்! கேட்டா, 'வெயிலு சும்மாதான அடிக்கி'ங்கா. முந்தாநாள் எம் பக்கத்து ஓட்டுல ஒரு ஓட்டயச் சிமிண்டு வச்சு அடச்சா. மழையே இல்ல, ஓட்ட இருந்தா என்னன்னேன். வெயிலு கட்டில்ல விழுதுல்லா, சாயங்காலம் நீ படுக்க எடங்கா. முகங்கழுவுன தண்ணியக் கொண்டு போயி அந்த முருங்கைக்கு ஊத்துதா. போற எடத்துக்கு மருந்து மாத்திரை எடுத்து வைட்டின்னா, பிரஷர் மாத்திரையப் பூராவும் என் அலமாரியில அடுக்கி வச்சிருக்கா. எனக்கு பிரஷரே கெடையாது, அவளுக்குத்தான். வயசாயிட்டா புத்தி பெசகிரும்போல. எனக்கு ஒரே பயம், பஸ்ஸு அன்னைக்கி இந்தக் கோட்டிக்காரி எதையாவது எடுக்கப் போறேன்னு உள்ள போயி, பஸ்ஸ விட்டுருவா.

அதான் ஒங்ககிட்ட வந்தேன். ஆபீசர் சொன்னா அவளுக்கு உறைக்கும். அக்கா பின்னாலயே வருவாங்க, நீங்க மொதப் போயி எடம் பாத்து வைங்கன்னு சொல்லுங்க. நாந்தான் அவளக் கரையேத்தி விடணும், அவளாச் செய்ய மாட்டா. ஒத்தையில நான் சமாளிச்சுக்கிடுவேன். அவளுக்குத்தான் நான் இல்லாம ஒண்ணும் ஓடாது.

இப்பத் தொறங்க பைய. அந்த மூணாம் பட்டியல் சீட்டக் குடுங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன்.

என்ன சார் இது? இது எஞ் சீட்டு மாதிரி தெரியலையே. ஜெசிந்தான்னு போட்டிருக்கு. அவ கையெழுத்துல இருக்கே. எனக்குக் கண்ணாடி இல்லாம இந்தப் பொடி எழுத்த வாசிக்க முடியாது, நீங்க வாசிங்க.

ம்.

இன்னொரு தடவ வாசிங்க.

'எனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை முழு மனதுடன் விட்டுக்கொடுக்கிறேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. காரணம்: நான் போய்விட்டால் குருவக்காவுக்குச் சோறு ஆக்க ஆள் இல்லை.'

எனக்கா? எனக்கா சோறு ஆக்கத் தெரியாது? இதப் போயி கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்திருக்காளே. ஒங்க ஆபீஸ்ல எத்தன பேரு வாசிச்சாங்க? தாசில்தாரும் வாசிச்சாரா? என் மானம் போச்சு.

தேதி என்ன போட்டிருக்கு? நாலாந்தேதியா? அன்னைக்கித்தான பட்டியலே ஒட்டுனீங்க. காலையில நான் சொன்னேன், மத்தியானமே எழுதிக் குடுத்துட்டாளா? அன்னைக்கி லாரி பிந்திருச்சுன்னு வேர்த்து ஊத்த வந்தா. எங்கட்டி ஊரு சுத்துனன்னு ஏசுனேன். அவ பாட்டுக்கு ஒல வச்சா.

அப்ப ஊறுகா… அந்த ஓடு…

ஒரு நிமிசம் இருங்க சார். ஒண்ணுமில்ல. தூசி.

இதுல நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? சாட்சியா? யாரும் மெரட்டி எழுதி வாங்கலன்னு பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தர் போடணுமா. சரிதான். இந்த வளவுல பக்கத்து வீடுன்னு நான் ஒருத்திதான் பாக்கி. நாங்கதான அப்படி எழுதி வாங்குனோம். பீரோவ நகட்டி வச்சு, காப்பி குடுத்து வாங்குனோம்.

நான் போடலன்னா என்ன ஆவும்? இது செல்லாதா? அவ பேரு பட்டியல்லயே இருக்குமா? நாளான்னைக்கி ஆளு வந்து கையோட பஸ்ஸுல ஏத்திருவாங்களா?

அப்ப எங் கையிலதான் இருக்கு.

சார், ஒண்ணு சொல்லட்டா. மேச வரைக்கும் போவ முடியலன்னு சொன்னேன்லா, அது பொய். ரெண்டாம் நாளே மேச முன்னால நின்னேன். உள்ள இருந்த அம்மா, 'என்ன பாட்டி வேணும்'னு நல்லபடியாத்தான் கேட்டா. எனக்கு வாய் வரல. வாயத் தொறந்து சொல்லிட்டா இவ போயிருவாளேன்னு இருந்துச்சு. ஒண்ணுமில்லன்னுட்டு வந்துட்டேன். மறுநாளும் போனேன், வாசல்லயே நின்னுட்டு வந்தேன். இங்க வந்து போ போன்னு அவள ஏசுவேன். ஏசிட்டு, அவ பெட்டியத் தொடலன்னு தெரிஞ்சா உள்ளுக்குள்ள சந்தோசமா இருக்கும். அம்புட்டுக் கெட்டவ நான்.

நல்லவளா இருந்தா இதுல கையெழுத்துப் போட மாட்டேன். ரெண்டு கோடை சார். மேல தண்ணி இருக்கு, காத்து இருக்கும், மரம் பச்சையா இருக்கும்ங்காங்க. அத அவ பாக்கணும். நான் போடலன்னா அவ பாப்பா. ஏசுவா, அழுவா, ஆனா ரெண்டு கோடை உசுரோட இருப்பா. இது தெரிஞ்சேதான் சொல்லுதேன், பேனாவக் குடுங்க.

அவ இல்லாம என்னால முடியாது சார். மொத வாரமே செத்துருவேன், சோத்துக்காக இல்ல. இத நான் அவகிட்டச் சொன்னதில்ல. ஒங்ககிட்டத்தான் சொல்லுதேன், நீங்க எந்த ஊரோ என்னவோ. அவ எடத்த யாருக்குக் குடுப்பீங்க? பிள்ளக்காரியா இருந்தா நல்லது. அப்படியே எம் பேரையும் அடிச்சிருங்க, மூணாம் பட்டியல நம்பிக்கிட்டு யாராவது உக்காந்திருப்பாங்க.

எங்க போடணும், இங்கயா? இந்தக் கட்டம் என்ன, உறவா? 'பக்கத்து வீடு'ன்னு நீங்களே எழுதிட்டீங்க. இருக்கட்டும், அதுவும் பொய்யில்ல. கொஞ்சம் தாளப் பிடிங்க. கு… ரு… வ… ம்… மா. கோணலா இருக்கு, செல்லும்லா? சரி.

அந்தா, வண்டிச் சத்தம் கேக்குது. அவதான். பைய மூடுங்க, மூடுங்க. நான் ஒங்ககிட்ட ஒண்ணும் கேக்கல, நீங்க எங்கிட்ட ஒண்ணும் காட்டல. அவளாச் சொல்லுத வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணு செவந்திருக்கா? இருக்கட்டும், வெயிலுன்னு சொல்லிக்கிடுதேன்.

ஏட்டி ஜெசி! ஏன் இந்த ஓட்டம் ஓடியார, தண்ணி அலம்புது பாரு. மெதுவா வா. ஒண்ணும் அவசரம் இல்ல.